ஒரே பல்லுக்கு இரண்டு அட்டையா? அமெரிக்காவில் பல் இன்சூரன்ஸும் டிஸ்கவுண்ட் பிளானும்

போன டிசம்பர் முதல் வாரம் எங்கள் கிளினிக்குக்கு ஒரு அங்கிள் வந்தார். டாலஸுக்கு வடக்கே பிளேனோவில் வீடு, இன்னும் இரண்டு வருஷத்தில் ரிட்டயர் ஆகப் போகிறார். பழைய ஃபில்லிங் உடைந்து, வலது பக்கம் கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு ரூட் கேனாலும் கேப்பும் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கவுண்டரில் இரண்டு அட்டைகளை ஒன்றையொட்டி ஒன்று வைத்தார். ஒன்று கம்பெனி கொடுத்த பல் இன்சூரன்ஸ். இன்னொன்று முந்தின வாரம் 150 டாலர் கட்டி ஆன்லைனில் வாங்கிய டிஸ்கவுண்ட் பிளான்.

"ஏம்மா, இன்சூரன்ஸ் பாதி குடுத்துடும். மிச்சத்துல இந்தக் கார்டு முப்பத்தஞ்சு பர்சன்ட் குறைச்சிடும். சரிதானே?"

இரண்டாவது அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பளபளவென்று பல் வரிசை படம், கீழே எறும்பு ஊர்கிற அளவு எழுத்தில் "இது இன்சூரன்ஸ் அல்ல" என்று ஒரு வரி. அந்த வரியைப் போடச் சொல்லிப் பல மாநிலங்களில் சட்டமே இருக்கிறது. ஆனாலும் கண்ணில் படுவதில்லை.

எட்டு வருஷமாகப் பல் கிளினிக்கில் பில்லிங் பார்க்கிறேன். அங்கிள் கேட்ட கேள்வியை வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள், முக்கால்வாசிப் பேர் 150 டாலரைக் கட்டிவிட்ட பிறகுதான் கேட்கிறார்கள். கட்டும் முன்னாலேயே இது தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். ஒரே சிகிச்சையில் இரண்டு அட்டையும் சேராது. ஆனால் ஒரே வாயில் இரண்டுக்கும் தனித்தனி வேலை இருக்கலாம். அங்கிளுக்கு அப்படித்தான் ஆனது.

முதலில் எது என்ன என்று பார்த்துவிடலாம். கம்பெனி கொடுக்கும் பல் இன்சூரன்ஸ் பெரும்பாலும் பி.பி.ஓ. வகை, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனியோடு விலை ஒப்பந்தம் போட்ட டாக்டர்களின் பட்டியல் ஒன்று இருக்கும், அதைத்தான் நெட்வொர்க் என்பார்கள். செக்கப், க்ளீனிங், எக்ஸ்ரே முழுதும் அவர்கள் பொறுப்பு, ஃபில்லிங் போன்ற சாதாரண வேலைக்கு 80 சதவீதம், கேப் போன்ற பெரிய வேலைக்கு 50 சதவீதம் என்பதுதான் வழக்கமான அமைப்பு. டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் தரத் தொடங்கும் முன் வருஷத்துக்கு ஒரு முறை நாம் கட்ட வேண்டியது, தலைக்கு 50 டாலர் அளவில் இருக்கும். இது எல்லாவற்றுக்கும் மேலே வருஷ மேக்ஸிமம் என்று ஒரு கூரை உண்டு, பெரும்பாலும் 1,000 முதல் 2,000 டாலருக்குள். உடம்புக்கான இன்சூரன்ஸில் ஒரு அளவுக்கு மேல் நாம் கட்ட வேண்டாம். பல்லில் நேர்மாறு, ஒரு அளவுக்கு மேல் அவர்கள் கட்ட மாட்டார்கள். இந்த ஒரு வித்தியாசம் மனதில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் சுலபமாகப் புரியும்.

டிஸ்கவுண்ட் பிளானில் யாரும் நமக்காகக் காசு கட்டுவதில்லை. வருஷச் சந்தா செலுத்தினால், அந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கும் டாக்டர் குறைந்த விலையில் செய்து தருவார், முழுப் பணத்தையும் நாமே கவுண்டரில் கட்ட வேண்டும். க்ளெய்ம் இல்லை, மேக்ஸிமம் இல்லை, காத்திருப்புக் காலம் இல்லை, சில நாளிலேயே நடைமுறைக்கு வந்துவிடும். எங்கள் பக்கத்து ஊர் ஃபிரிஸ்கோவில் இருக்கும் கேரிங்டன் இந்தத் தொழிலில் பழைய பெயர். ஏட்னா, சிக்னா போன்ற இன்சூரன்ஸ் கம்பெனிகளின் பெயரிலும் டிஸ்கவுண்ட் பிளான்கள் வருவதுதான் பலரைக் குழப்புகிறது. பெயரைப் பார்த்து இன்சூரன்ஸ் என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள்.

அப்புறம் ஏன் இரண்டும் சேராது? அங்கிளுக்குக் காட்டிய அதே தாளை வைத்துச் சொல்கிறேன். சிகிச்சைத் திட்டம் என்று நாங்கள் அச்சிட்டுத் தரும் தாளில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி, ஒவ்வொரு வரிக்கும் ஒரு கோட் நம்பர். அவர் பல்லின் எண் 30. டி3330 கடைவாய்ப்பல் ரூட் கேனால், டி2950 உள்ளே கட்டி எழுப்பும் பில்டப், டி2740 செராமிக் கேப். பக்கத்தில் இரண்டு விலைகள். ஒன்று எங்கள் கிளினிக்கின் வழக்கமான விலை, அதாவது எந்த அட்டையும் இல்லாமல் வருகிறவருக்குச் சொல்வது. இன்னொன்று இன்சூரன்ஸ் கம்பெனியோடு டாக்டர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்த விலை. கணக்கு சுலபமாக இருக்கட்டும் என்று எண்களை முழுதாக்கிச் சொல்கிறேன், ஊருக்கு ஊர் இது மாறும். ரூட் கேனால் 1,500, பில்டப் 300, கேப் 1,600, ஆக வழக்கமான விலை 3,400 டாலர். ஒப்பந்த விலையில் 1,000, 200, 1,000, ஆக 2,200.

நெட்வொர்க்கில் இருக்கும் டாக்டரிடம் போனாலே இந்த 1,200 டாலர் குறைந்துவிடுகிறது. தள்ளுபடி ஏற்கெனவே இன்சூரன்ஸுக்குள் இருக்கிறது. டிஸ்கவுண்ட் பிளான் தரும் 35 சதவீதம் வழக்கமான விலையிலிருந்துதான் கழியும், ஒப்பந்த விலையிலிருந்து இல்லை. 3,400-இல் 35 சதவீதம் போனால் 2,210. கிட்டத்தட்ட அதே இடம். ஒரு வரிக்கு ஒரு விலைதான் போட முடியும், இன்சூரன்ஸுக்கு க்ளெய்ம் அனுப்பினால் அந்த ஒப்பந்த விலையைத்தான் போட்டாக வேண்டும். அதன் மேல் இன்னொரு தள்ளுபடி கொடுத்துவிட்டு, கம்பெனிக்கு முழு விலையைக் காட்டிப் பணம் வாங்கினால் அது தவறான பில்லிங். எந்த நேர்மையான கிளினிக்கும் செய்யாது. 30-ஆம் எண் பல்லைப் பொறுத்தவரை அங்கிளின் 150 டாலருக்கு மதிப்பு பூஜ்யம்.

அவர் முகம் வாடிப்போனது. எனக்கும் கஷ்டமாக இருந்தது.

சரி, அடுத்த கேள்வி எல்லோரும் கேட்பதுதான். மேக்ஸிமம் தீர்ந்துவிட்டால்? அப்போதாவது டிஸ்கவுண்ட் கார்டு உதவாதா? விற்கிறவர்கள் பெரிதாகச் சொல்வது இதைத்தான். பல பி.பி.ஓ. ஒப்பந்தங்களில், மேக்ஸிமம் தீர்ந்த பிறகும் நெட்வொர்க் டாக்டர் அதே ஒப்பந்த விலையைத்தான் வாங்க வேண்டும். கம்பெனி காசு தராது, விலை மட்டும் குறைந்தே இருக்கும். அப்படியென்றால் அங்கேயும் இரண்டாவது அட்டை வீண். ஆனால் இதற்கு மாநிலச் சட்டமும் ஒரு காரணி. இன்சூரன்ஸ் கவர் செய்யாத சிகிச்சைக்குக் கம்பெனி விலை வைக்கக் கூடாது என்று பல மாநிலங்களில் சட்டம் உண்டு. மேக்ஸிமம் தாண்டியதும் அது 'கவர் செய்யாத' வேலையாகுமா என்பதற்கு மாநிலத்துக்கு மாநிலம் விளக்கம் வேறு. அதனால் கார்டு வாங்கும் முன் கிளினிக்கில் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "மேக்ஸிமம் முடிஞ்ச பிறகும் எனக்கு நெட்வொர்க் விலைதானே?" ஆமாம் என்றால் 150 டாலர் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

அங்கிளுக்கு உண்மையில் உதவியது காலண்டர்தான். அவருக்கு மேக்ஸிமம் 1,500. அந்த வருஷம் க்ளீனிங், இரண்டு ஃபில்லிங் என்று 600 போய்விட்டது, டிடக்டிபிளும் கழிந்துவிட்டது, மிச்சம் 900. அவர் பிளானில் ரூட் கேனாலுக்கு 80 சதவீதம், பில்டப்புக்கும் கேப்புக்கும் 50. எல்லாவற்றையும் டிசம்பரிலேயே செய்தால் இன்சூரன்ஸ் அந்த 900-ஐத் தரும், அவர் கட்டுவது 1,300. ரூட் கேனாலும் பில்டப்பும் டிசம்பரில், கேப் ஜனவரியில் என்று பிரித்தால்? டிசம்பரில் 800-ம் 100-ம் சேர்ந்து அந்த 900 தீர்ந்துவிடும், அவர் பங்கு 300. ஜனவரியில் புது மேக்ஸிமம். புது டிடக்டிபிள் 50 போக மீதியில் பாதி 475 வரும், அவர் பங்கு 525. மொத்தம் 825. அதே பல், அதே டாக்டர், 475 டாலர் மிச்சம்.

இதில் ஒரு எச்சரிக்கை. பல்லை அவ்வளவு நாள் தற்காலிகக் கேப்போடு விட்டு வைக்கலாமா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும், காசுக்காகத் தள்ளிப்போட்டுப் பல் விரிசல் விட்டால் எல்லாம் போச்சு. இன்னொன்று, கேப்பைப் பொருத்தி ஒட்டிய நாளைக் கணக்கில் எடுக்கும் கம்பெனிகளும் உண்டு, பல்லைச் செதுக்கிய நாளை எடுக்கும் கம்பெனிகளும் உண்டு. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு முன்கூட்டியே மதிப்பீட்டுக்கு அனுப்பச் சொன்னால் கிளினிக்கில் அனுப்புவார்கள். அங்கிளின் இன்சூரன்ஸ் கம்பெனி ஒட்டிய நாளைத்தான் பார்க்கும் என்று போன் போட்டு உறுதி செய்துகொண்டேன்.

இன்னொரு வழி இருப்பதும் பலருக்குத் தெரிவதில்லை. இரண்டு அட்டையோடும் சட்டப்படி சேர்த்துப் போடக்கூடியது ஒன்று உண்டென்றால் அது எஃப்.எஸ்.ஏ. அல்லது எச்.எஸ்.ஏ. எனப்படும் மருத்துவச் செலவுக் கணக்குதான். உங்கள் பங்காகக் கட்டும் பணத்தை வரிக்கு முந்தின பணத்திலிருந்து கட்டுவது. 22 சதவீத வரிப் படியில் இருக்கிறவருக்கு, சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தம் 7.65 சதவீதமும் சேர்த்தால், எஃப்.எஸ்.ஏ.வில் போட்ட 3,000 டாலரில் சுமார் 890 டாலர் மிச்சம். 2025-இல் எஃப்.எஸ்.ஏ. உச்சவரம்பு 3,300 டாலராக இருந்தது. அந்த வருஷம் போடப் போகும் முழுத் தொகையையும் முதல் நாளே எடுத்துச் செலவழிக்கலாம், சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள். வருஷக் கடைசியில் செலவழிக்காமல் விட்டால் பெரும்பகுதி போய்விடும் என்பதால், தெரிந்த செலவுக்கு மட்டும் போட வேண்டும். கேப் வரப்போகிறது என்று தெரிந்தவருக்கு இதைவிட நல்ல தள்ளுபடி கிடையாது. அங்கிள் வேலை பார்க்கும் கம்பெனியில் அடுத்த வருஷத்துக்கான எஃப்.எஸ்.ஏ. பதிவு இன்னும் திறந்திருந்தது நல்ல நேரம்.

கணவன், மனைவி இருவருக்கும் வேலையில் பல் இன்சூரன்ஸ் இருந்தால் அதையும் சேர்த்துப் போடலாம், ஒன்று முதன்மை, இன்னொன்று இரண்டாவது என்று. ஆனால் இரண்டாவது கம்பெனியின் விதியில், முதல் கம்பெனி நாங்கள் தருவதற்குச் சமமாகத் தந்துவிட்டால் நாங்கள் ஒன்றும் தர மாட்டோம் என்று ஒரு பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த இரண்டாவது பிரீமியம் பெரிதாகப் பயன்படாது.

இப்போது டிஸ்கவுண்ட் கார்டுக்கு எங்கே வேலை என்பதற்கு வருகிறேன்.

அங்கிளுக்கு இடது பக்கம் மேலே, 14-ஆம் எண் இடத்தில் பல்லே இல்லை. இந்தியாவில் இருந்தபோதே பிடுங்கிப் போட்டது, இருபது வருஷம் இருக்கும் என்றார். ஒரு பக்கமாகவே மென்று மென்று வலது பக்கப் பல் தேய்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அங்கே இம்பிளான்ட் வைக்க வேண்டும். அவருடைய இன்சூரன்ஸ் புத்தகத்தில், இந்த பாலிசி தொடங்கும் முன்பே இழந்த பல்லுக்குப் பதில் வைக்கக் காசு தர மாட்டோம் என்று ஒரு பிரிவு. பல பிளான்களில் இது உண்டு. வேறு நாட்டில் பாதி வாழ்க்கை வாழ்ந்துவிட்டு இங்கே வந்த நம் ஆட்களை அதிகம் பாதிப்பது இந்தப் பிரிவுதான், ஏனென்றால் நம்மில் பலருக்குப் பல் போனது இங்கே வரும் முன்னால். சில பிளான்களில் இம்பிளான்டே மொத்தமாகக் கிடையாது.

இந்த மாதிரி இன்சூரன்ஸ் கதவை மூடிவிட்ட வேலைக்குத்தான் இரண்டாவது அட்டை. இம்பிளான்ட் திருகு 2,200, நடுவில் பொருத்தும் அபட்மென்ட் 700, மேலே கேப் 1,500 என்று வைத்துக்கொண்டால் 4,400. ஸ்பெஷலிஸ்டிடம் தள்ளுபடி விளம்பரத்தில் போட்ட அளவுக்கு வராது, 15, 20 சதவீதம்தான் இருக்கும். 20 என்றால் 880 டாலர் குறையும், சந்தா 150 போனாலும் 730 மிச்சம். ஆனால் திருகு வைத்துவிட்டு, எலும்போடு அது சேர மூன்று முதல் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். நடுவில் சந்தா முடிந்தால் புதுப்பிக்க வேண்டி வரும், அதையும் கணக்கில் சேருங்கள்.

டாக்டர் பட்டியலை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். பிளானின் இணையதளத்தில் இருந்த முதல் சர்ஜனுக்கு நானே போன் செய்தேன். "அந்த நெட்வொர்க்கை நாங்க விட்டு ஒரு வருஷம் ஆச்சு" என்றார்கள். இரண்டாவது ஆள் இருந்தார். இம்பிளான்ட் திருகுக்கான டி6010-க்கு இந்த பிளானில் என்ன விலை என்று கோட் நம்பரைச் சொல்லிக் கேட்டு, ஈமெயிலில் அனுப்பச் சொன்னேன். "இம்பிளான்ட் எவ்வளவு" என்று பொதுவாகக் கேட்டால் திருகுக்கு மட்டும் ஒரு விலை சொல்வார்கள், எலும்பு ஒட்டு, அபட்மென்ட், கேப் எல்லாம் தனி வரியாகப் பின்னால் வரும்.

இன்சூரன்ஸும் கார்டும் ஒன்றாக வைத்திருப்பது நியாயமாகத் தெரியும் இன்னொரு இடம், ரிட்டயர் ஆன முதல் வருஷம். 65 வயதானவர்களுக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேரில் சாதாரணப் பல் வைத்தியம் கிடையாது. 1965-இல் சட்டம் வந்தபோதே பல்லை விலக்கி வைத்துவிட்டார்கள். அதையே தனியார் கம்பெனிகள் மூலம் தரும் மெடிகேர் அட்வான்டேஜ் பிளான்களில் ஓரளவு வரும், அதற்கும் ஒரு மேக்ஸிமம் உண்டு. தனியாகப் பல் இன்சூரன்ஸ் வாங்கினால், பெரிய வேலைக்கு 12 மாதம் காத்திருக்க வேண்டும் என்று பல பிளான்களில் இருக்கும். அந்த 12 மாதத்துக்கு டிஸ்கவுண்ட் கார்டு பாலம் மாதிரி, அப்புறம் விட்டுவிடலாம். ஆனால் அங்கிள் மாதிரி வேலையில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது, பெரிய வேலைகளை ரிட்டயர் ஆகும் முன்பே முடித்துவிடுங்கள் என்றுதான்.

பெற்றோர் விசிட்டர் விசாவில் வந்திருக்கும் வீடுகளில் நான் யோசிக்காமல் டிஸ்கவுண்ட் கார்டைச் சொல்லிவிடுவேன். விசிட்டர் இன்சூரன்ஸில் பல்லுக்கு, திடீர் வலி அல்லது அடிபட்டால் ஒரு சின்னத் தொகை, அவ்வளவுதான். ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகிறவருக்குக் காத்திருப்புக் காலம் உள்ள பிளானால் என்ன பயன்? ஊருக்குப் போகும்போது சென்னையில் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் ஃபில்லிங், கேப்புக்குச் சரியான யோசனைதான். இம்பிளான்டுக்கு மட்டும் இரண்டு பயணம் ஆகும் என்று நினைவிருக்கட்டும்.

எந்த இன்சூரன்ஸும் இல்லாத, பல் நன்றாக இருக்கும் இளம் வயதுக்காரர்கள் இரண்டையும் வாங்கும் முன் மூன்றாவதாக ஒன்றைப் பாருங்கள். பல கிளினிக்குகள் தாங்களே உறுப்பினர் திட்டம் வைத்திருக்கின்றன. வருஷத்துக்கு 300, 400 டாலர் கட்டினால் இரண்டு செக்கப், இரண்டு க்ளீனிங், எக்ஸ்ரே, மற்ற வேலைக்கு 10 முதல் 20 சதவீதம் தள்ளுபடி. தனி இன்சூரன்ஸுக்கு மாதம் 35 டாலர் என்றால் வருஷம் 420, அதோடு காத்திருப்பு, டிடக்டிபிள் எல்லாம். டிஸ்கவுண்ட் கார்டில், வழக்கமான விலை 410 டாலர் ஆகும் செக்கப், க்ளீனிங், எக்ஸ்ரே எல்லாம் 267 ஆகி, சந்தாவோடு 417. மூன்றும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கின்றன. எனக்குப் பிடித்தது கிளினிக் திட்டம், ஏனென்றால் விலைப்பட்டியலை அங்கேயே, அந்த டாக்டர் கையிலேயே பார்த்துவிடலாம். குறை என்னவென்றால் ஊர் மாறினால் போச்சு, ஸ்பெஷலிஸ்டிடம் அது செல்லாது, இன்சூரன்ஸ் உள்ளவருக்கு இதைச் சேர்த்துப் போட மாட்டார்கள்.

வருஷத்துக்கு நான்கு முறை ஈறு க்ளீனிங் தேவைப்படுகிறவர்களும் கார்டைப் பற்றி யோசிக்கலாம். இன்சூரன்ஸ் இரண்டோடு நிறுத்திவிட்டால் மற்ற இரண்டு நம் செலவு. சந்தாவை மீட்கும் அளவுக்குக் குறைகிறதா என்று கூட்டிப் பாருங்கள், பல சமயம் சரிக்குச் சரியாகத்தான் வரும்.

அவசரப்பட்டு வாங்கிவிட்டீர்களா? பல மாநிலங்களில் 30 நாளுக்குள் ரத்து செய்தால் சந்தா திரும்ப வரும், சில பிளான்களில் பதிவுக் கட்டணத்தை மட்டும் பிடித்துக்கொள்வார்கள். அங்கிளிடமும் முதலில் அதைத்தான் சொன்னேன். 14-ஆம் எண் விஷயம் பேசிய பிறகு அவர் கார்டை வைத்துக்கொண்டார், எஃப்.எஸ்.ஏ.வில் 3,000 போட்டார்.

ஜனவரி இரண்டாவது வாரம் கேப்பை ஒட்டினோம். 525 டாலருக்கு எஃப்.எஸ்.ஏ. அட்டையை நீட்டினார். பையில் சர்ஜன் ஆபீஸ் ஈமெயிலை அச்சிட்டு மடித்து வைத்திருந்தார், டி6010 என்ற இடத்தில் பேனாவால் வட்டம் போட்டிருந்தது. "இங்க எலும்பு ஒட்டுக்குத் தனியா ஒரு வரி இருக்கும்மா, இது எனக்கு வேணுமான்னு அவங்களைக் கேட்கணும், இல்ல?" என்றார்.

கேளுங்கள் அங்கிள், ஸ்கேன் எடுத்த பிறகு கேளுங்கள் என்றேன்.